பூங்காவனம் வாங்கிய டோக்கன்

ஜூன் 3, திங்கள்

பஸ் டிப்போவில் இன்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அறுபது வயது முடிந்தவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறார்கள். ஒரு டோக்கனுக்கு ஒரு பயணம். எனக்கு அறுபத்து நான்கு முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், அங்கிருந்தவர் ஆதாரைப் பார்த்துவிட்டு, எனக்கு ஐம்பத்து நான்குதான் ஆகிறது, இன்னும் ஆறு வருஷம் கழித்து வா என்கிறார். என் தலையைப் பார், பல்லைப் பார் என்றேன். பல்லை வைத்து டோக்கன் கொடுக்க முடியாதாம். ரேஷன் அட்டையை நீட்டினேன். அதில் பூங்காவனத்துக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்து நான்கு. "சம்சாரம் உன்னவிட ஏழு வயசு பெரியவங்களா? லவ் மேரேஜா?" என்று கேட்டார். பின்னால் நின்ற கிழவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் கையில் டோக்கன் இருந்தது, சிரிக்கலாம்.

கம்ப்யூட்டரில் ஏற்றியவன் செய்த தப்புக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு மனு எழுதுவேன். இந்த பிளாக்கில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் மனு எழுதுகிறவன் நான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பழைய பேப்பர் கடையில் பேப்பர் பிரித்து அடுக்கும்போது, பெரிய எழுத்திலிருந்து ஆரம்பித்து சின்ன எழுத்து வரைக்கும் நானே கற்றுக்கொண்டது. இந்த டைரியும் அப்படித்தான். போன வருஷத்தது, ஒருவர் எழுதாமல் எறிந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

டோக்கன் எனக்காக இல்லை. பூங்காவனத்துக்கு சர்க்கரையால் கண்ணில் நீர் கோத்திருக்கிறது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு எழும்பூர் ஆஸ்பத்திரியில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி. ஒன்று போட்டாயிற்று. துணைக்கு ஆள் இல்லாமல் வந்தால் ஊசி போட மாட்டார்கள். வெள்ளைப் போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அவளுக்குச் செலவில்லை. துணைக்குப் போகிறவனுக்குத்தான் செலவு.

ஜூன் 4, செவ்வாய்

மனு எழுதி டிப்போ மேலாளர் பெயருக்குக் கொடுத்தேன். லிப்ட் ஓடவில்லை. நாலு மாடி, ஆறு குடம் தண்ணீர்.

ஜூன் 7, வெள்ளி

இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் பிள்ளை. தாத்தா, தாத்தா என்று நன்றாகத்தான் பேசியது. தாத்தா என்று கூப்பிடுகிறாயே, ஐம்பத்து நாலு வயசுக்காரனை அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டேன். சிரித்தது. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்தியது. பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்றலாம், ஏற்கெனவே மாற்றியிருக்கிறது, இனி மாற்ற வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ வேண்டும் என்றது. யார் மாற்றியது என்று கேட்டேன். "நீங்கதான் தாத்தா. உங்க கைரேகை வச்சுத்தான மாத்திருக்கு" என்றது.

படிக்காதவன் பள்ளிச் சான்றிதழுக்கு எங்கே போவது என்று சத்தம் போட்டேன். வரிசையில் இருந்தவர்கள் வெளியே போகச் சொன்னார்கள். நானாகவே வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். பூங்காவனம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் தெரியாததால் தண்டைத் தடவித் தடவிக் கிள்ளுகிறாள். "அந்த சூப்பர்வைசர் கூட்டினு போனாரே, அன்னைக்கு…" என்று ஆரம்பித்தாள். வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாள்.

ஜூன் 12, புதன்

நாளைக்கு இரண்டாவது ஊசி. இன்று ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு ஊசிக்கும் மூன்று தடவை போக வேண்டும். பரிசோதனைக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், மறுநாள் கட்டுப் பிரிக்க ஒரு நாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் போக வர ஐம்பது ரூபாய்க்குக் கிட்ட ஆகிறது. வெள்ளைப் போர்டு கிடைக்காமல் டீலக்ஸில் ஏறினால் இரண்டு பேருக்கும் டிக்கெட், அது இன்னொரு கணக்கு. மார்ச்சில் செக்யூரிட்டி வேலை போனதிலிருந்து ஹார்டுவேர் கடையில் லோடு வந்தால்தான் எனக்கு வேலை. இந்த வாரம் லோடு வரவில்லை.

அதனால் சைதாப்பேட்டை வரைக்கும் மட்டும் டிக்கெட் எடுத்தேன். அங்கே ஒருவரைப் பார்க்க வேண்டும், நீ இதே பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார், பின்னால் வருகிறேன் என்று பூங்காவனத்திடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. நடப்பது உடம்புக்கு நல்லது.

போனபோது அவள் வாசலில் இல்லை. ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கிவிட்டாளாம். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கேட்டுக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாலையைக் கடக்கத் தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. போர்டைப் பார்த்து இறங்க வேண்டாமா என்று திட்டினேன். திட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"பார்த்துட்டியா அவர?" என்று கேட்டாள்.

பார்த்துவிட்டேன் என்றேன்.

ஜூன் 13, வியாழன்

இரண்டாவது ஊசி போட்டாயிற்று. வெளிச்சம் கொஞ்சம் பிடிபடுகிறது என்கிறாள். மூன்றாவது ஜூலை 11. அதைத் தவறவிட்டால் போட்ட இரண்டும் வீண், இந்தக் கண்ணும் அந்தக் கண் மாதிரி ஆகிவிடும் என்று நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் இருந்தபோது இந்த ஆஸ்பத்திரி எங்களுக்கு நடக்கிற தூரம். வீடு கொடுக்கிறோம் என்று முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து போட்டார்கள். வீடு கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 15, சனி

டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செக்யூரிட்டி வேலைக்குப் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றார்கள். எனக்கு ஐம்பத்தைந்து. சூப்பர்வைசரே ஒரு டாக்டரிடம் வயதுச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, என்னையும் இன்னும் நாலு பேரையும் ஆதார் திருத்தக் கூட்டிப்போனார். மற்றவர்கள் ஐந்து, ஆறு என்று குறைத்தார்கள். எவ்வளவு குறைக்கட்டும் என்று என்னைக் கேட்டபோது, பத்து என்றேன். பூங்காவனம் பக்கத்தில் நின்றாள். "இவ்ளோவா?" என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் பத்து வருஷம் கூடுதலாக வேலை கிடைக்கும், உனக்கு என்ன தெரியும் என்றேன்.

நான் குறைத்துச் சொன்னது குற்றம் என்றால், ஐம்பது வயதுக்காரனுக்கு வயிறு இல்லை என்று அவர்கள் நினைத்தது என்ன? அதற்கு யார் மனு எழுதுவது?

டிப்போவில் கொடுத்த மனுவில் கணினிப் பிழை என்று எழுதியிருக்கிறேன். அதை இனித் திரும்ப வாங்க முடியாது.

ஜூன் 24, திங்கள்

சட்டைப் பையில் கை விட்டேன். டோக்கன்கள் இருந்தன. கூடவே ஒரு அட்டை, அட்டையில் பூங்காவனத்தின் படம்.

மூன்றாவது மாடி சகாயமேரியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் டிப்போவுக்குப் போயிருக்கிறாள். சகாயமேரி ஐ.டி. கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பூங்காவனத்துக்கு அறுபத்தொன்று, அவள் அட்டையில் பிழை எதுவும் இல்லை. டோக்கனை உடனே கொடுத்துவிட்டார்கள். அவளுக்குத்தான் பஸ்ஸே இலவசமாயிற்றே, உனக்கு எதற்கு டோக்கன் என்று யாரும் கேட்கவில்லையாம்.

பொம்பளை பேர் போட்ட டோக்கனில் நான் போவேன் என்று நினைத்தாயா என்று கத்தினேன்.

"பேரு போட்டா இன்னா. நான் வூட்ல குந்தினு இருக்கப்போறேன், அது உன்கூட வரும்" என்றாள்.

அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஹார்டுவேர் கடையில் லோடு இல்லை. வேளச்சேரியில் ஒரு கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். டோக்கனில் போனேன். கண்டக்டர் அட்டை கேட்கவில்லை, டோக்கனை மட்டும் வாங்கிக்கொண்டார். இது திருட்டு இல்லை. என் வயதுக்கு வர வேண்டியது வேறு பெயரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேளச்சேரியில் வயது கேட்டார்கள். அறுபத்து நான்கு என்றேன். வேலை இல்லை என்றார்கள். ஆதாரைக் காட்டியிருக்கலாம். காட்டத் தோன்றவில்லை.

ஜூலை 5, வெள்ளி

மழை. துணி காயவில்லை. பூங்காவனம் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர் பிளாக்கில் கொடியில் சிவப்பாக ஏதோ தொங்குகிறதே, புடவையா என்றாள். போர்வை என்றேன். போர்வையாக இருந்தாலும் சிவப்புதானே என்றாள். ஆமாம், சிவப்புதான்.

ஜூலை 8, திங்கள்

பரிசோதனைக்குப் போய்வந்தோம். இந்தத் தடவை ஊசிக்கு மூன்று நாள் முன்பே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் செக்கிங். தலைவலி.

ஜூலை 9, செவ்வாய்

டைல்ஸ் லோடு வந்தது. நாள் முழுக்க ஏற்றினேன். கூலி வந்தது. வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுக்கப் பணம் இருக்கிறது. பணம் இருந்தாலும் அந்தக் காலை ஆறு பத்து பஸ்ஸில் இனி ஏற மாட்டேன் என்று பூங்காவனத்திடம் சொன்னேன். ஊசியை அடுத்த வாரம் போட்டால் என்ன என்று கேட்டேன். அவளாகவே தடவித் தடவிப் போய்ச் சோற்றை வடித்தாள்.

ஜூலை 10, புதன்

எழுதாமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை நடந்தது இது.

ஆறு பத்து வெள்ளைப் போர்டு. பூங்காவனத்தை முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். சகாயமேரியும் வேலைக்குப் போக அதே பஸ்ஸில் நின்றிருந்தாள். டோக்கனைக் கொடுத்தேன். இளவயதுக் கண்டக்டர், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். துரைப்பாக்கம் தாண்டி செக்கர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். என்னிடம் வந்ததும் டோக்கன் என்றேன். அட்டை எங்கே என்றார் ஒருவர். எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யோவ் பெரியவரே. இதுல பொம்பள படம் போட்டிருக்கு. படிச்சுப் பாரு, பேரு இன்னான்னு போட்டிருக்கு? படிய்யா."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அபராதம் ஐந்நூறு. என்னிடம் நாற்பது ரூபாய் இருந்தது. வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொல்லவா என்று இன்னொருவர் கேட்டார். அன்றைக்குப் பரிசோதனை எடுக்காவிட்டால் வியாழக்கிழமை ஊசி இல்லை. அதற்காகத்தான் சொன்னேன் என்று எழுத வந்தேன். அதற்காக இல்லை. எல்லோரும் பார்த்தார்கள், அதற்காகத்தான்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சார்" என்றேன். "அது இன்னா அட்டைன்னே தெரியாது. அந்தப் பொம்பளதான் பையில வச்சு அனுப்பிச்சுது. நான் இன்னா பண்றது?"

அந்தப் பொம்பளை என்று சொல்லும்போது கையை முன்பக்கம் நீட்டிக் காட்டினேன்.

செக்கர் முன்னால் போய், "ஏம்மா, நீதான் குடுத்தியா? அடுத்தவன் யூஸ் பண்ணக் கூடாதுன்னு உனக்குத் தெரியாது?" என்று அவளைக் கேட்டார். அவளுக்கு அவர் முகம் தெரியாது. குரல் வந்த பக்கம் எழுந்து நின்றாள்.

"நான்தான் குடுத்தேங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்துக்கூடத் தெரியாதுங்க" என்றாள்.

அவர்கள் மோசமானவர்கள் இல்லை. கிழவன், படிக்காதவன், பெண்டாட்டிக்குக் கண் தெரியாது என்று பார்த்து அபராதம் போடவில்லை. அட்டையையும் மிச்ச டோக்கனையும் வாங்கிக்கொண்டார்கள். பூங்காவனம் என்பவர் தன் அட்டையைத் தவறாகப் பயன்படுத்தக் கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதினார்கள். சாட்சியாக என்னைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மைப் பெட்டி இல்லை. செக்கர் தன் பேனாவை என் பெருவிரலில் தேய்த்து மை பூசினார். பேனா என் கைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. விரலை வைத்தேன்.

இந்த பிளாக்கில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களை எட்டு வருஷமாக நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. பூங்காவனத்தையும் சொல்லியிருக்கிறேன்.

எழும்பூர் வரைக்கும் டிக்கெட்டை அந்தக் கண்டக்டர் பையனே தன் கைக்காசில் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வரும்போதும் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் சகாயமேரி வெள்ளைத் தாளோடு மேலே வந்தாள். மகளுக்கு ஹாஸ்டல் இடம் கேட்டு ஒரு மனு எழுத வேண்டுமாம். கேலி செய்ய வந்தாள் என்று நினைத்தேன்.

"எனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே. நீயும்தான கேட்டினு நின்ன" என்றேன்.

"பஸ்ல ஆயிரம் பேசுவாங்க நைனா. அத்த இன்னாத்துக்கு வூட்டுக்கு எடுத்துனு வர்ற? எழுது, கரண்ட் போயிடப் போவுது" என்றாள்.

எழுதினேன். உட்காரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கேலி செய்திருந்தால் பரவாயில்லை.

அவள் போகும்போது பூங்காவனம் அவளிடம், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். சகாயமேரி என்னைப் பார்த்தாள். ஏற்கெனவே ஒரு நாள் லீவு போட்டாயிற்று, இன்னொன்று போட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றாள். சரி, நான் தனியாகவே போய் வாசலில் யாரையாவது கேட்டுக்கொள்கிறேன் என்றாள் பூங்காவனம்.

ஜூலை 11, வியாழன்

ஐந்தரைக்கு அவள் கிளம்பினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் மேலேயே நின்றேன். இரண்டாவது மாடி வரைக்கும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. படி முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். இன்னும் இரண்டு மாடி இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்த வெள்ளைப் போர்டு எட்டு மணிக்கு. அதற்குள் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆறு பத்தில்தான் ஏறினோம். அதே கண்டக்டர். முழு டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தேன். டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்து, அதில் விரலை வைத்துக் காட்டினான்.

"தாத்தா, இங்க எழும்பூர்னு போட்டிருக்கு. உனக்குப் புரியாது, நானே அந்த ஸ்டாப் வந்ததும் கூப்புடுறேன். அவசரப்பட்டு எறங்கிடாத, இன்னா?" என்றான்.

நல்ல பையன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி என்று ஒரு வரி சொன்னால் போதும். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடைகளின் போர்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றையும் படிக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். எழும்பூரில் அவன் என்னைத் தொட்டு எழுப்பினான். நான் தூங்கவில்லை.

ஊசி போட்டாயிற்று. நாளைக்குக் கட்டுப் பிரிப்பார்கள். வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது, பார்வை நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தோம். பூங்காவனம் கட்டுப் போட்ட கண்ணோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் டைரியை எடுத்தேன். தாள் புரட்டுகிற சத்தம் கேட்டிருக்கும்.

"தெனம் இன்னா எழுதுற?" என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் நான் எழுதுவதைப் பற்றி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

சும்மா, வரவு செலவு என்றேன்.

"படி, கேக்குறேன்."

அதில் என்ன இருக்கிறது என்றேன்.

"உனக்குப் படிக்கத் தெரியும்ல? படி."

குரலை உயர்த்தவில்லை. ஜூன் மூன்றிலிருந்து ஆரம்பித்தேன். டிப்போக்காரர் லவ் மேரேஜா என்று கேட்டது வந்ததும் லேசாகச் சிரித்தாள். நான் சைதாப்பேட்டையில் இறங்கி நடந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள். ஆளைப் பார்க்கப் போகவில்லை என்று அன்றைக்கே தெரியும், செருப்பில் அவ்வளவு புழுதி என்றாள். பத்து வயது குறைத்ததையும் அப்படியே வாசித்தேன். டைல்ஸ் லோடு வாசித்தேன். அதற்கடுத்து இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பி, சகாயமேரி மனு எழுத வந்ததை வாசித்தேன்.

"செக்கிங்ல நடந்தது ஒண்ணும் வரலையே" என்றாள்.

அன்றைக்குத் தலைவலி, எழுதவில்லை என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கட்டுப் போடாத கண் திறந்துதான் இருந்தது. அதற்கு எதுவும் தெரியாது. இருந்தாலும் அந்தக் கண்ணுக்கு எதிரில் என்னால் உட்கார முடியவில்லை. தாளைத் திருப்பி ஜூலை பத்தை முதலிலிருந்து வாசித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதுங்க சார் என்பதை வாசித்தேன். அந்தப் பொம்பளை என்பதை வாசித்தேன். கையை நீட்டிக் காட்டினேன் என்பதை வாசித்தபோது அவள் தலையைத் தூக்கினாள். நான் கை நீட்டியது அவளுக்கு இதுவரை தெரியாது.

முடித்துவிட்டு மூடினேன்.

"கை நீட்டினதா ஒண்ணு வந்துதே, அந்த எடம்" என்றாள். "இன்னொரு தபா படி."

படித்தேன்.